164 நாள்கள் குடியரசுத் தலைவர்: பி.டி. ஜாட்டியின் வாழ்வும், ஒரு நாள் தாமதமும்

புது தில்லி: நாட்டின் ஐந்தாவது குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது, 1977 பிப்ரவரி 11-ஆம் தேதி காலை மாரடைப்பால் காலமானார். மலேசியப் பயணத்தை முடித்துக்கொண்டு முந்தைய நாள்தான் அவர் தலைநகர் திரும்பியிருந்தார். மக்களவை கலைக்கப்பட்டுத் தேர்தல் பிரசாரம் நடைபெற்றுவந்த நேரம் அது. நெருக்கடி நிலையும் விலக்கிக்கொள்ளப்படாமல் நீடித்தது. அன்றைய தினமே குடியரசு துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி, குடியரசுத் தலைவரின் பொறுப்பை ஏற்றார்.

அதற்கு அடுத்த 164 நாள்களில் நாடு கண்ட மாற்றங்கள் சாதாரணமானவை அல்ல. நெருக்கடி நிலையை விலக்கும் ஆணை, காங்கிரஸ் அல்லாத முதல் மத்திய அரசின் பதவியேற்பு, ஒன்பது மாநிலச் சட்டப்பேரவைகளின் கலைப்பு ஆகிய மூன்றும் ஜாட்டியின் கையொப்பத்தையோ முன்னிலையையோ பெற்றே நிறைவேறின. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதற்குக் கையொப்பமிட அவர் ஏறத்தாழ ஒரு நாள் தாமதித்தார். அந்த ஒரு நாள் தாமதமே அவரது பெயரை அரசமைப்புச் சட்ட நூல்களில் நிலைக்கச் செய்துவிட்டது.

தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஒருவர், அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்கத் தயங்கலாமா? அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? அன்று எழுந்த இந்த வினாக்களுக்கு விடை காண, ஜாட்டி கடந்துவந்த பாதையையும் சற்று அறிந்துகொள்வது அவசியம்.

ஜம்கண்டியிலிருந்து பெங்களூருவுக்கு

பசப்பா தானப்பா ஜாட்டி, இன்றைய கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டம், ஜம்கண்டி வட்டத்தில் உள்ள சவளகி கிராமத்தில் 1912 செப்டம்பர் 10-ஆம் தேதி லிங்காயத்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். (கன்னடத்தில் இவரது பெயர் 'ஜத்தி' என்றே எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துகளின் வழியே தமிழுக்கு வந்ததால் 'ஜாட்டி' ஆகிவிட்டது. தமிழ் வாசகர்களுக்குப் பழகிப்போன வடிவமே இக்கட்டுரையிலும் கையாளப்படுகிறது.)

அக்காலத்தில் ஜம்கண்டி, பட்வர்தன் மரபினர் ஆண்ட ஒரு சிறு சமஸ்தானம். கோலாப்பூரில் கல்லூரிப் படிப்பையும் சட்டப் படிப்பையும் முடித்த ஜாட்டி, ஊர் திரும்பி வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார். 1940-இல் ஜம்கண்டி நகராட்சி உறுப்பினராகவும், 1945-இல் அதன் தலைவராகவும் ஆனார். பின்னர் சமஸ்தானத்தின் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, அமைச்சராகி, இறுதியில் அதன் முதல்வராகவும் பொறுப்பு வகித்தார். 1948 மார்ச் 8-ஆம் தேதி ஜம்கண்டி, பம்பாய் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. சமஸ்தானமும் இல்லை, பதவியும் இல்லை. அவர் மீண்டும் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் செல்லத் தொடங்கினார்.

இணைப்புக்குப் பின் ஏறத்தாழ 20 மாதங்கள் வழக்குரைஞராகப் பணியாற்றிய அவர், இணைக்கப்பட்ட பகுதியின் பிரதிநிதியாகப் பம்பாய் சட்டப்பேரவைக்கு நியமிக்கப்பட்டார். முதல்வர் பி.ஜி. கேருக்கு நாடாளுமன்றச் செயலராகவும், 1952 தேர்தலுக்குப் பின் சுகாதாரம், தொழிலாளர் நலத் துறைகளின் துணை அமைச்சராகவும் இருந்தார். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது கன்னடம் பேசும் பம்பாய்ப் பகுதிகள் மைசூர் மாநிலத்துடன் சேர்ந்தன. ஜாட்டியின் அரசியலும் அவற்றுடன் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது.

அங்கு அவருக்கு முதலில் கிடைத்த முக்கியப் பணி, நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைமை. அக்குழுவின் அறிக்கையே 1961-ஆம் ஆண்டின் மைசூர் நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு அடித்தளமாயிற்று. அச்சட்டம் நிறைவேறியபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவரும் ஜாட்டியே. எஸ். நிஜலிங்கப்பா பதவி விலகியதைத் தொடர்ந்து 1958 மே 16-ஆம் தேதி முதல்வரான அவர், 1962 மார்ச் வரை அப்பதவியில் நீடித்தார். குத்தகைதாரர்களுக்கு நிலத்தின் மீது உரிமை கிடைக்க வழிவகுத்த அச்சட்டம் உடனே முழு வீச்சில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1974-இல் முதல்வர் தேவராஜ் அர்ஸ் கொண்டுவந்த திருத்தங்களுக்குப் பின்னரே அதன் பலன் பெருமளவில் கிராமங்களைச் சென்றடைந்தது. எனினும், முதல் வரைவு ஜாட்டி குழுவினுடையது என்பதைக் கர்நாடக வரலாற்றாசிரியர்கள் மறப்பதில்லை.

1962 தேர்தலில் ஜம்கண்டி தொகுதியில் மீண்டும் வென்றபோதிலும் முதல்வர் பதவி அவருக்குத் திரும்பவில்லை. எஸ்.ஆர். காந்தி சில மாதங்கள் முதல்வராக இருந்தார். பின்னர் நிஜலிங்கப்பாவே திரும்பிவந்தார். அவரது அமைச்சரவையில் ஜாட்டி நிதித் துறையைக் கவனித்தார். முன்பு தாம் தலைமை வகித்த அரசில் பின்பு ஓர் அமைச்சராக அமர்வது எளிதன்று. ஜாட்டி அமர்ந்தார். பிற்காலத்தில் அவர் ஏற்ற பதவிகளை நோக்கும்போது, இந்தக் குணம் கவனிக்கத்தக்கது.

புதுச்சேரியும் ஒடிஸாவும்

1968 அக்டோபர் 14-ஆம் தேதி ஜாட்டி புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அப்போது அங்கு குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றுவந்தது. 1969 மார்ச்சில் தேர்தல் நடந்து, திமுகவைச் சேர்ந்த எம்.ஓ.எச். பரூக் முதல்வரானார். மத்தியில் காங்கிரஸ், ஒன்றியப் பகுதியில் திமுக என்ற நிலையில் ராஜ் நிவாஸில் அமர்ந்திருந்த ஜாட்டி, 1972 நவம்பர் 7-ஆம் தேதி வரை, அதாவது நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, அங்கிருந்தார்.

அடுத்து வந்த ஒடிஸா ஆளுநர் பதவிதான் அவருக்கு முதல் பெரும் சர்ச்சையைக் கொண்டுவந்தது. 1973 மார்ச் தொடக்கத்தில் கட்சித் தாவல்களால் பெரும்பான்மை இழந்த நந்தினி சத்பதியின் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. ஆட்சியமைக்கப் போதிய உறுப்பினர்கள் தம்மிடம் இருப்பதாக எதிர்க்கட்சிகளின் தலைவர் பிஜு பட்நாயக் உரிமை கோரினார். ஆளுநர் ஜாட்டி அவரை அழைக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் பரிந்துரைத்தார். மார்ச் 3-ஆம் தேதி அது பிரகடனப்படுத்தப்பட்டு, பேரவையும் கலைக்கப்பட்டது. இதை எதிர்த்து பட்நாயக் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஓராண்டு ஆளுநரின் நிர்வாகத்தில் இருந்த மாநிலத்தில் 1974 பிப்ரவரியில் தேர்தல் நடத்தப்பட்டு, நந்தினி சத்பதி மீண்டும் முதல்வரானார்.

இந்த நிகழ்வை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். அந்தத் தேர்தலில் உருவான ஒடிஸா பேரவை, மூன்றாண்டுகளுக்குப் பின் ஜாட்டியின் மேசைக்கு மீண்டும் வரவிருந்தது.

மாநிலங்களவையின் தலைவர்

1974 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நடந்த குடியரசு துணைத் தலைவர் தேர்தலில் ஜாட்டி 521 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜார்க்கண்ட் கட்சியின் என்.இ. ஹோரோவுக்கு 141 வாக்குகள் கிடைத்தன. துணைத் தலைவர் என்ற முறையில் மாநிலங்களவையின் தலைவர் பொறுப்பும் ஜாட்டிக்கு வந்தது. பத்து மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்க, அரசமைப்புச் சட்டத் திருத்தங்கள் அவரது தலைமையிலான அவையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின.

அக்காலத்தின் ஒரு காட்சி இன்றும் தில்லி அரசியல் வட்டாரங்களில் பேசப்படுகிறது. காவல் துறையால் தேடப்பட்டுவந்த மாநிலங்களவை உறுப்பினர் சுப்பிரமணியன் சுவாமி, 1976 ஆகஸ்ட் 10-ஆம் தேதி யாரும் எதிர்பாராத வகையில் அவைக்குள் வந்தார். மறைந்த உறுப்பினர்களுக்கான இரங்கல் குறிப்புகளை ஜாட்டி வாசித்துக்கொண்டிருந்த தருணத்தில் எழுந்து, காலமானோர் பட்டியலில் ஜனநாயகத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்ற பொருளில் கூறிவிட்டு வெளியேறினார். திகைத்துப்போன அவைத் தலைவர், அவரைத் தடுக்கச் சொல்வதற்கு மாறாக, மறைந்தோருக்கு மௌன அஞ்சலி செலுத்துமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். சுவாமி நாடாளுமன்ற வளாகத்தைவிட்டே தப்பிச் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் அவரது உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது.

அந்த நவம்பர் மாதத்தின் 11-ஆம் தேதி மாநிலங்களவை நிறைவேற்றிய 42-ஆவது திருத்தம், பின்னர் ஜாட்டியின் கைகளையே கட்டியது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்பது அதுவரை மரபாகவும், நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி உறுதியான கருத்தாகவும் இருந்துவந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் அதை வெளிப்படையான கட்டாயமாக எழுதிவைத்தது 42-ஆவது திருத்தமே. 1977 ஜனவரி 3-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஐந்து வாரங்களுக்குப் பின், ஜாட்டி குடியரசுத் தலைவர் மாளிகையின் பொறுப்பை ஏற்றார்.

'தற்காலிக' என்ற சொல்

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு இரு வேறு நிலைமைகளைப் பேசுகிறது. மரணம், பதவி விலகல், பதவி நீக்கம் போன்றவற்றால் குடியரசுத் தலைவரின் இடம் காலியானால், துணைத் தலைவர் குடியரசுத் தலைவராகச் செயல்படுவார். குடியரசுத் தலைவர் உடல்நலக் குறைவாலோ வெளிநாடு சென்றிருப்பதாலோ பணியாற்ற இயலாதபோது, துணைத் தலைவர் அவரது பணிகளை மட்டும் கவனிப்பார். பதவியில் இருப்பவர் பதவியிலேயே இருப்பார். தமிழில் நாம் இரண்டையும் 'தற்காலிக' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். செய்தியை விரைந்து தர அது உதவலாம். ஆனால், ஏதோ குறைந்த அதிகாரம் உடையவர் என்ற எண்ணத்தையும் அச்சொல் ஏற்படுத்திவிடுகிறது. உண்மை அதுவன்று. இவ்விரு நிலைமைகளிலும் துணைத் தலைவருக்குக் குடியரசுத் தலைவரின் எல்லா அதிகாரங்களும் பாதுகாப்புகளும் உண்டு என்று அதே பிரிவு கூறுகிறது. அந்நாள்களில் அவர் மாநிலங்களவைத் தலைவராகப் பணியாற்ற முடியாது. காலியிடத்தை நிரப்பும் தேர்தல் ஆறு மாதங்களுக்குள் நடந்து முடிய வேண்டும் என்பது 62-ஆவது பிரிவு விதிக்கும் எல்லை.

காலியிடம் ஏற்பட்டதால் குடியரசுத் தலைவராகச் செயல்பட்டவர்கள் இதுவரை மூவர். 1969 மே 3-ஆம் தேதி ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி 78 நாள்கள் பொறுப்பு வகித்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட அவர் விலகியதும், அன்றைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா 35 நாள்கள் அப்பொறுப்பில் இருந்தார். மூன்றாமவர் ஜாட்டி. மூவரில் மிக நீண்ட காலம் பொறுப்பு வகித்தவரும் அவரே.

சட்டப்படி முழு அதிகாரம் இருந்தாலும், ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. மாநிலங்களின் வாக்கு பெறாத ஒருவர், அடுத்த குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்க வேண்டிய சட்டப்பேரவைகளையே கலைக்கும் ஆணையில் கையொப்பமிடும் சூழல் 1977 ஏப்ரலில் உருவானது.

ஒன்பது மாநிலங்கள்

மார்ச் 16 முதல் 20 வரை நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் ஜனதா கட்சி 295 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸுக்கு 154 இடங்களே கிடைத்தன. மார்ச் 21-ஆம் தேதி அதிகாலை, தோல்வியுற்ற இந்திரா காந்தி அமைச்சரவையின் பரிந்துரைப்படி நெருக்கடி நிலையை விலக்கும் ஆணையில் ஜாட்டி கையொப்பமிட்டார். மார்ச் 24-ஆம் தேதி மொரார்ஜி தேசாய்க்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். நான்கு நாள்களுக்குப் பின் புதிய நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றி, புதிய அரசின் கொள்கைகளை அறிவித்தவரும் அவரே. பழைய அரசால் துணைத் தலைவராக்கப்பட்டவர், அந்த அரசின் செயல்களைக் களைவதாகக் கூறும் உரையை வாசித்தார். இதுவரை எல்லாம் சுமுகமாகவே நடந்தது.

சிக்கல் மாநிலங்களில் இருந்து எழுந்தது. வட இந்தியாவில் காங்கிரஸ் அடைந்த தோல்வி வழக்கமான தோல்வியன்று. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும், பிகாரின் 54 தொகுதிகளிலும் அக்கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. பஞ்சாப், ஹரியாணா, ஹிமாசலப் பிரதேசம் ஆகியவற்றிலும் அதே நிலைதான். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் தலா ஓர் இடமே கிடைத்தது. ஆனால், இந்த மாநிலங்களிலும் மேற்கு வங்கம், ஒடிஸாவிலும் காங்கிரஸ் முதல்வர்களே பதவியில் தொடர்ந்தனர்.

உள்துறை அமைச்சர் சரண் சிங், ஏப்ரல் 17-ஆம் தேதியிட்ட கடிதம் ஒன்றை ஒன்பது முதல்வர்களுக்கும் அனுப்பினார். மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டதால், பேரவையைக் கலைக்குமாறு ஆளுநருக்குப் பரிந்துரைத்து, புதிதாக மக்கள் தீர்ப்பைப் பெற வேண்டும் என அக்கடிதம் அறிவுறுத்தியது. இவற்றில் ஏழு பேரவைகள் 1972-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நெருக்கடி நிலைக் காலத் திருத்தம் பதவிக்காலத்தை ஐந்திலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டியிராவிட்டால் அவற்றின் ஆயுள் அப்போதே முடிந்திருக்கும் என்பது ஜனதா தரப்பின் வலுவான வாதம். உத்தரப் பிரதேசமும் ஒடிஸாவும் 1974-இல் தேர்தலைச் சந்தித்தவை. அவற்றுக்கு அந்த வாதம் பொருந்தவில்லை. மறுபுறம், மக்களவைத் தேர்தலின் முடிவைக் கொண்டு மாநில அரசின் பெரும்பான்மையை எடைபோடலாமா என்று காங்கிரஸ் கேட்டது. அக்கேள்வியும் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. பேரவையில் பெரும்பான்மை உடைய அரசுகளை, வேறொரு தேர்தலில் கிடைத்த வெற்றியை வைத்து அகற்றுவது கூட்டாட்சிக்கு ஏற்றதுதானா என்ற ஐயம், ஜனதாவின் மீது அனுதாபம் கொண்டிருந்த சட்ட அறிஞர்களிடமும் இருந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது பேரவைகளும் அப்படியே நீடித்தால், வாக்காளர் குழுவில் காங்கிரஸின் பலம் கணிசமாக இருக்கும். கலைக்கப்பட்டு ஜனதா வென்றால் கணக்கு மாறிவிடும். இரு தரப்பினரும் வெளிப்படையாகப் பேசிய கொள்கைகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

ஏப்ரல் 29, 30

உள்துறை அமைச்சரின் கடிதத்தை எதிர்த்து ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், ஹிமாசலப் பிரதேசம், பிகார், ஒடிஸா ஆகிய ஆறு மாநிலங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின. தலைமை நீதிபதி எம்.எச். பெக் தலைமையில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்து, ஏப்ரல் 29-ஆம் தேதி வழக்குகளை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. விரிவான காரணங்கள் மே மாதத்தில் வெளியாயின.

அன்றே மத்திய அமைச்சரவை கூடி, ஒன்பது மாநில அரசுகளையும் நீக்கிப் பேரவைகளைக் கலைக்க 356-ஆவது பிரிவின்கீழ் பிரகடனம் வெளியிடுமாறு பரிந்துரை அனுப்பியது. ஜாட்டி உடனே கையொப்பமிடவில்லை. இரவு கழிந்தது. கையொப்பமிடக் கூடாது என்று காங்கிரஸ் தரப்பும், மக்கள் தீர்ப்பை மறிக்கிறார் என்று ஜனதா தரப்பும் குரல் எழுப்பின. மறுநாள் அமைச்சரவை மீண்டும் கூடி, ஆலோசனையை ஏற்பது அரசமைப்புச் சட்டக் கடமை என்பதை அவருக்கு நினைவூட்டியது. ஏப்ரல் 30-ஆம் தேதி ஜாட்டி கையொப்பமிட்டார்.

ஒரு சட்டப்பேரவையில் பெரும்பான்மை உண்டு என்று கூறிய எதிர்க்கட்சித் தலைவரை அழைக்காமலேயே, 1973-இல் கலைப்புக்குப் பரிந்துரைத்தவர் ஜாட்டி. பெரும்பான்மையில் ஐயமே இல்லாத பேரவைகளைக் கலைக்க 1977-இல் தயங்கியவரும் அவரே. கலைக்கப்பட்ட ஒன்பதில் ஒன்று, அவரது நிர்வாகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒடிஸா பேரவை. காங்கிரஸ் அரசுகள் என்பதால்தான் அவர் தயங்கினார் என்று அவரது விமர்சகர்கள் கூறியதை, இந்த ஒப்பீட்டை வைத்துப் பார்த்தால் முற்றிலும் மறுத்துவிட முடியவில்லை. அதே வேளையில், ஒரே நாளில் ஒன்பது மாநில அரசுகளை நீக்கும் ஆணை அதற்கு முன் எந்தக் குடியரசுத் தலைவரின் மேசைக்கும் வந்ததில்லை. அதை உரிய சிந்தனையின்றிக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தால் அதுவும் குறையாகவே பேசப்பட்டிருக்கும். நெருக்கடி நிலை அறிவிப்பில் ஃபக்ருதீன் அலி அகமது நள்ளிரவில் கையொப்பமிட்டதை நாடு மறந்திருக்கவில்லை.

தாமதத்தைவிடக் கடுமையான வினா வேறொன்றில் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு வெளியானபோது, அமர்வில் இருந்த நீதிபதி பி.கே. கோஸ்வாமி ஒரு செய்தியைத் தமது தீர்ப்பில் பதிவுசெய்திருந்தார். வாதங்கள் முடிந்து நீதிபதிகள் முடிவை ஆலோசித்துவந்த காலத்தில் ஜாட்டிக்கும் தலைமை நீதிபதிக்கும் இடையே சந்திப்பு நிகழ்ந்ததாகவும், நிலுவையில் இருந்த இவ்வழக்கு அந்த உரையாடலில் இடம்பெற்றதாகவும், அதைத் தலைமை நீதிபதியே சக நீதிபதிகளிடம் தெரிவித்ததாகவும் அவர் குறிப்பிட்டு, தமது வேதனையை வெளிப்படுத்தினார். தீர்ப்பின் முடிவை அது மாற்றவில்லை. எனினும், அரசின் பரிந்துரையை விரைவில் பெறவிருந்த ஒருவர், அது குறித்த வழக்கை விசாரிக்கும் நீதிபதியுடன் அதைப் பற்றிப் பேசியது முறையா என்ற கேள்விக்கு இன்றளவும் ஆறுதலான விடை இல்லை.

கையொப்பத்துக்குப் பின்

ஜூன் மாதம் நடந்த தேர்தல்களில் உத்தரப் பிரதேசம், பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியாணா, ஹிமாசலப் பிரதேசம், ஒடிஸா ஆகியவை ஜனதா வசமாயின. பஞ்சாபில் அகாலி தளம் தலைமையிலான கூட்டணியும், மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு தலைமையில் இடதுசாரி முன்னணியும் ஆட்சியைப் பிடித்தன. 1976 ஜனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த தமிழ்நாட்டிலும் அதே ஜூனில் தேர்தல் நடைபெற்று, எம்.ஜி.ஆர். முதல்வரானார்.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 37 பேர் வேட்புமனு தாக்கல் செய்தனர். 36 மனுக்கள் நிராகரிக்கப்பட்டதால் நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். 1969-இல் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்து விலகிப் போட்டியிட்ட கிரியிடம் தோற்றவர் ரெட்டி. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1977 ஜூலை 25-ஆம் தேதி, மற்றொரு தற்காலிகக் குடியரசுத் தலைவரிடமிருந்து பொறுப்பைப் பெற்றுக்கொண்டார். ஆறு மாதக் கெடு முடிய இரண்டு வாரங்களுக்கு மேல் எஞ்சியிருந்தது. ஜாட்டி மீண்டும் மாநிலங்களவைத் தலைவர் இருக்கைக்குத் திரும்பினார்.

ஏப்ரல் 30-ஆம் தேதி பிரகடனம் ஒரு முன்மாதிரியாக நிலைபெற்றது. 1980-இல் ஆட்சிக்குத் திரும்பிய இந்திரா காந்தி, ஜனதாவினர் முன்வைத்த அதே வாதத்தைத் திருப்பிப் பயன்படுத்தினார். அந்த ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி ஒன்பது மாநிலப் பேரவைகள் கலைக்கப்பட்டன. எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசும் அவற்றுள் ஒன்று. இம்முறை ஆணையில் கையொப்பமிட்டவர் சஞ்சீவ ரெட்டி. இத்தகைய கலைப்புகளுக்கு நீதிமன்றத்தின் உறுதியான கடிவாளம், 1994-ஆம் ஆண்டு எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பில்தான் கிடைத்தது. அரசின் பெரும்பான்மையைப் பேரவையில்தான் சோதிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது.

ஜாட்டியின் தயக்கத்துக்கும் சட்டத்தில் ஓர் இடம் பின்னர் கிடைத்தது. ஜனதா அரசு கொண்டுவந்த 44-ஆவது திருத்தம், 74-ஆவது பிரிவில் ஒரு வழியைத் திறந்தது. அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுமாறு குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றாக வேண்டும். அத்திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாள் 1979 ஏப்ரல் 30. ஜாட்டி கையொப்பமிட்டு சரியாக இரண்டு ஆண்டுகள். அவர் 1977-இல் செய்தது, அப்போது சட்டத்தில் இல்லாத ஒன்றை நடைமுறையில் செய்து பார்த்தது எனலாம். இந்த வழியைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் 1997 அக்டோபரில் பயன்படுத்தி, உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு அப்பரிந்துரையைக் கைவிட்டது.

இறுதி ஆண்டுகள்

1979 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஜாட்டியின் பதவிக்காலம் நிறைவடைந்தது. அவருக்குப் பின் துணைத் தலைவரானவர், முன்பு 35 நாள்கள் குடியரசுத் தலைவராகச் செயல்பட்ட ஹிதாயத்துல்லா. 1982-இல் ஜைல் சிங் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றபோது, ஹிதாயத்துல்லா சில வாரங்கள் குடியரசுத் தலைவரின் பணிகளையும் கவனித்தார்.

பெங்களூரு திரும்பிய ஜாட்டி அதன்பின் தேர்தல் அரசியலில் முனைப்புக் காட்டவில்லை. 1964-இல் தாம் நிறுவிய பசவ சமிதியின் பணிகளில் கவனம் செலுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் சமூகச் சீர்திருத்தவாதி பசவண்ணர் மற்றும் அவரது காலத்துச் சரணர்களின் 'வசனங்கள்' எனப்படும் பாடல்களைப் பரப்புவதே அந்த அமைப்பின் நோக்கம். தம் வாழ்க்கை வரலாற்றையும் அவர் எழுதினார்.

2002 ஜூன் 7-ஆம் தேதி பெங்களூருவில் ஜாட்டி காலமானார். அவருக்கு வயது 89. அவர் நிறுவிய பசவ சமிதி, பிற்காலத்தில் வசனங்களைத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட்டது.